மென்பொருள் திட்ட மேலாண்மை: நல்ல நடைமுறைகளும் கருவிகளும்

மென்பொருள் திட்ட மேலாண்மை என்பது ஒரு மென்பொருளை உருவாக்கும் பணியைத் திட்டமிட்டு, பலருக்குப் பகிர்ந்தளித்து, கண்காணித்து, சோதித்து, பயனர் கையில் சேர்ப்பது வரையிலான செயல்முறை ஆகும். காலம், செலவு, ஆட்கள், தரம் ஆகிய நான்கையும் ஒருசேரக் கவனிப்பது இதன் நோக்கம். இத்துறையில் பல முறைகளும் ஏராளமான கருவிகளும் உள்ளன. அவற்றுள் பரவலாகப் பயன்படுவனவற்றையும், ஒவ்வொன்றும் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மென்பொருள் பணியின் தனித்தன்மை

ஒரு வீடு கட்டும்போது அடித்தளம் முடிந்ததா, சுவர் எழும்பியதா, கூரை போட்டாயிற்றா என்பதைத் தெருவில் போகிறவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். மென்பொருளில் அது இயலாது. "முக்கால்வாசி முடிந்துவிட்டது" என்று நிரலர் சொன்னால், அது உண்மையா என்று வெளியிலிருந்து பார்த்து அறிய வழி இல்லை. பல வேளைகளில் நிரலருக்கே அது தெரியாது. மீதமுள்ள கால்வாசிதான் பெரும்பகுதி காலத்தை விழுங்கும்.

எனவே மென்பொருள் திட்ட மேலாண்மையின் நல்ல நடைமுறைகள் பெரும்பாலும் ஒரே நோக்கம் கொண்டவை. கண்ணுக்குத் தெரியாத வேலையையும், கண்ணுக்குத் தெரியாத தவற்றையும், பார்க்க வேண்டியவர் பார்க்கும் இடத்தில் கொண்டுவந்து வைப்பதே அந்நோக்கம். இதை மனத்தில் கொண்டால் கருவிகளின் பெயர்கள் மாறினாலும் அவற்றின் பயன் எளிதில் விளங்கும்.

வரலாறு

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் அறிவியல் குழு ஒரு மாநாட்டைக் கூட்டியது. மென்பொருள்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை, செலவு மீறுகிறது, முடிந்தவையும் பிழை மலிந்துள்ளன என்ற கவலை அங்கே விவாதிக்கப்பட்டது. "மென்பொருள் பொறியியல்" என்ற சொல் பரவலாகப் புழக்கத்துக்கு வர இம்மாநாடு காரணமாயிற்று.

ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற இயக்குதளத்தின் உருவாக்கத்தை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தம் அனுபவங்களைத் தொகுத்து 1975-இல் "தி மிதிக்கல் மேன்-மன்த்" என்ற நூலை வெளியிட்டார். தாமதமான மென்பொருள் திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அந்நூலின் புகழ்பெற்ற கருத்து. இதற்குக் காரணம் எளிய கணக்கில் உள்ளது. குழுவில் 5 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 இணைப்புகள் தேவை. 10 பேர் என்றால் 45. 20 பேர் என்றால் 190. ஆட்கள் நான்கு மடங்கானால் பேச்சுத் தொடர்பு பத்தொன்பது மடங்காகிறது. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரமும் செலவாகிறது.

தேவை, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் முறை "அருவி முறை" எனப்படும். வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து இம்முறை பிறந்ததாகப் பொதுவாகக் கூறுவர். ஆனால் அதே கட்டுரையில், இதை அப்படியே பின்பற்றுவது தோல்விக்கு இடம்கொடுக்கும் என்று அவரே எச்சரித்திருந்தார். சோதனை கடைசியில் மட்டும் வந்தால், தொடக்கத்தில் செய்த தவறும் கடைசியில்தான் தெரியவரும்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி "அஜைல்" அறிக்கையை வெளியிட்டனர். குறுகிய இடைவெளிகளில் இயங்கும் மென்பொருளைப் பயனரிடம் காட்டுதல், அவர் கருத்தைக் கேட்டு மாற்றிக்கொள்ளுதல் ஆகியவை இதன் சாரம்.

நல்ல நடைமுறைகள்

1. தேவைகளை எழுதுதலும் சரிபார்த்தலும்

மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயனரிடம் கேட்டு எழுதுவது முதற்பணி. "நூலக மென்பொருள் எளிமையாக இருக்க வேண்டும்" என்று எழுதுவது தேவை ஆகாது. "மாணவரின் பதிவெண்ணை உள்ளிட்டால் அவர் எடுத்துள்ள நூல்களும் திருப்பித் தர வேண்டிய தேதியும் ஒரே திரையில் தெரிய வேண்டும்" என்பதே தேவை. முடிந்ததா இல்லையா என்று சோதித்துப் பார்க்கும்படி ஒவ்வொரு தேவையும் இருக்க வேண்டும்.

எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதற்குச் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக்கலம் ஒரு சான்று. நாசா அனுப்பிய இக்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்குகளை மெட்ரிக் அலகில் தர வேண்டும் என்று ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது. தரையில் இயங்கிய ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. தேவை தாளில் இருந்தது. மென்பொருள் அதன்படி நடக்கிறதா என்பது உரிய முறையில் சோதிக்கப்படவில்லை.

2. பணியைச் சிறு கூறுகளாகப் பிரித்தல்

ஒரு பெரிய பணியை ஓரிரு நாட்களில் முடியக்கூடிய சிறு பணிகளாகப் பிரிக்க வேண்டும். சிறு பணிக்கு "முடிந்தது", "முடியவில்லை" என்ற இரண்டு நிலைகளே உண்டு. முக்கால்வாசி என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இவ்வாறு பிரிக்கும்போதே, எந்தப் பணி எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதும் வெளிப்படும்.

இதற்கு இரண்டு முறைகள் பெருவழக்கில் உள்ளன.

ஸ்க்ரம்: பணிகளை முன்னுரிமைப்படி ஒரு பட்டியலாக வைத்து, ஒரு மாதத்துக்கு மிகாத சுற்றுகளாகச் செய்யும் முறை. சுற்றின் தொடக்கத்தில் திட்டமிடுதல், நாள்தோறும் 15 நிமிடக் கூட்டம், முடிவில் செய்த வேலையைக் காட்டுதல், பிறகு குழு தன் நடைமுறையைத் தானே ஆராய்தல் ஆகியவை இதன் படிகள்.

கான்பன்: இச்சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை என்று பொருள். டொயோட்டா தொழிற்சாலையில் தோன்றிய இம்முறை பின்னர் மென்பொருளுக்கு வந்தது. "செய்ய வேண்டியவை", "நடப்பவை", "முடிந்தவை" என்று பலகையில் பத்திகள் இருக்கும். ஒவ்வொரு பணியும் ஓர் அட்டையாகப் பத்தி பத்தியாக நகரும். "நடப்பவை" பத்தியில் ஒரே நேரத்தில் இத்தனை அட்டைகள்தான் இருக்கலாம் என்று வரம்பு வைப்பது இதன் உயிர்நாடி. பத்து வேலையைத் தொட்டு ஒன்றையும் முடிக்காத பழக்கத்தை இவ்வரம்பு தடுக்கிறது.

3. பதிப்புக் கட்டுப்பாடு

"திட்டம்_இறுதி", "திட்டம்_இறுதி_புதியது", "திட்டம்_உண்மையான_இறுதி" என்ற பெயர்களில் கோப்புகளைச் சேமித்து, எது சரியானது என்று தெரியாமல் தவிக்காத மாணவர் அரிது. இச்சிக்கலைத் தீர்ப்பது பதிப்புக் கட்டுப்பாடு. நிரலில் யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்பதை இது பதிவு செய்கிறது. தேவைப்பட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பவும் முடிகிறது.

1970-களிலேயே பெல் ஆய்வகத்தில் இத்தகைய கருவி இருந்தது. இன்று பெருவழக்கில் உள்ள கிட் என்ற கருவியை, லினக்ஸ் கருநிரலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கினார். லினக்ஸ் குழுவினர் அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற தனியுரிமக் கருவியின் இலவச உரிமம் விலக்கப்பட்டதே காரணம். கிட்டில் ஒவ்வொரு நிரலரிடமும் முழு வரலாறும் இருக்கும். ஒருவர் தனிக் கிளையில் வேலை செய்து, சரிபார்த்த பின் முதன்மைக் கிளையில் இணைக்கலாம்.

மாற்றத்தோடு எழுதும் குறிப்பு முக்கியமானது. "சில திருத்தங்கள்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் பயனில்லை. "தாமதக் கட்டணம் விடுமுறை நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பிழை நீக்கப்பட்டது" என்று எழுதினால் புதியவருக்கும் விளங்கும்.

4. வழுப் பதிவு

மென்பொருளில் உள்ள தவறு வழு எனப்படும். கண்ட ஒவ்வொரு வழுவையும் எண்ணிட்டு ஒரே இடத்தில் பதிய வேண்டும். என்ன செய்தபோது வந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, எந்தப் பதிப்பில் கண்டது, யார் பொறுப்பு என்ற ஐந்தும் பதிவில் இருக்க வேண்டும்.

மேலே கூறிய செவ்வாய்க் கலத்தின் பயணத்தில் ஏதோ பொருந்தவில்லை என்பதை வழிசெலுத்தும் குழுவினர் முன்கூட்டியே கவனித்திருந்தனர். ஆனால் முறையான சிக்கல் பதிவேட்டில் ஏற்றாமல் மின்னஞ்சல் வழியே அதைத் தீர்க்க முயன்றதை விசாரணைக் குழு குறைபாடாகச் சுட்டிக்காட்டியது. மின்னஞ்சல் பெறுபவரின் பெட்டியில் கிடக்கும். பதிவேட்டில் ஏறிய வழுவோ முடித்துவைக்கப்படும் வரை எல்லோர் கண்முன்னும் நிற்கும்.

5. மறுஆய்வும் சோதனையும்

தாம் எழுதிய கட்டுரையில் உள்ள எழுத்துப்பிழை தம் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரியும். நிரலும் அவ்வாறே. ஒருவர் எழுதிய நிரலை முதன்மைக் கிளையில் சேர்க்கும்முன் இன்னொருவர் படித்துப் பார்ப்பது நிரல் மறுஆய்வு எனப்படும். மறுஆய்வு நிரலைப் பற்றியது, நிரலரைப் பற்றியது அன்று என்ற புரிதல் குழுவில் வேண்டும்.

ஒவ்வொரு சிறு பகுதியையும் தனியே சோதிப்பது அலகுச் சோதனை. பகுதிகள் சேர்ந்து இயங்குவதைச் சோதிப்பது ஒருங்கிணைப்புச் சோதனை. புதிய மாற்றத்தால் பழைய வசதி கெட்டுவிட்டதா என்று பார்ப்பது பின்னடைவுச் சோதனை. இவற்றை நிரலாகவே எழுதிவைத்து, மாற்றம் வரும்போதெல்லாம் கணினியே இயக்கிப் பார்க்கும்படி செய்வது தொடர் ஒருங்கிணைப்பு ஆகும். மாலையில் செய்த தவறு மறுநாள் காலைக்குள் தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது. மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால் கடினம்.

6. வெளியீட்டு ஒழுங்கு

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எண் வேண்டும். 2.4.1 போன்ற மூன்று பகுதி எண் பெருவழக்கு. முதல் எண் பழையதோடு பொருந்தாத பெரிய மாற்றத்தையும், நடு எண் புதிய வசதியையும், கடைசி எண் வழுத் திருத்தத்தையும் குறிக்கும். எண்ணோடு, வெளியிடும் படிகளின் சரிபார்ப்புப் பட்டியலும் வேண்டும்.

அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிட்டல், 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய நிரலைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 8 வழங்கிகளில் 7-இல் புதிய நிரல் ஏற்றப்பட்டது, ஒன்றில் விடுபட்டது. அந்த ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்றுத் தவறான ஆணைகளை அனுப்பத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் நிறுவனம் 46 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. ஏற்றிய வேலையை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி அங்கே இல்லை. சந்தை திறக்கும் முன்பே அமைப்பு 97 மின்னஞ்சல்களைத் தானாக அனுப்பிப் பிழையைக் குறிப்பிட்டிருந்தது. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்படாததால் யாரும் அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. திருத்த முயன்றபோது, சரியாக இருந்த 7 வழங்கிகளிலிருந்தும் புதிய நிரலை நீக்கியதால் நிலைமை மேலும் மோசமானது. பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் வெளியீட்டுக்கு முன்பே எழுதிச் சோதித்திருக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

7. காப்புநகலும் பின்னாய்வும்

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் இணையதளத்தில் ஒரு பொறியாளர், இரவு நேரச் சிக்கல் ஒன்றைத் தீர்க்கும் முயற்சியில், தவறான வழங்கியில் கட்டளையிட்டு முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புநகலை எடுக்கப் போனபோது, நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய நகல் எடுக்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. மென்பொருள் பதிப்புகள் பொருந்தாமல் அது தோல்வியடைந்து வந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரிடம் சேராமல் திருப்பி அனுப்பப்பட்டு வந்தன. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்த நகல் ஒன்று இருந்ததால் பெரும்பகுதி மீண்டது. ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டதாக நிறுவனமே மதிப்பிட்டது.

காப்புநகல் எடுப்பது பாதி வேலை. அதிலிருந்து மீட்டுப் பார்ப்பதே மீதிப் பாதி. மீட்டுப் பார்க்காத நகல் இல்லாத நகலுக்குச் சமம்.

இந்நிகழ்வில் பின்பற்றத்தக்க ஒன்றும் உண்டு. நடந்ததை மறைக்காமல், தனிநபர் மீது பழி போடாமல், எந்தெந்தப் பாதுகாப்புகள் ஏன் செயல்படவில்லை என்பதை நிறுவனம் விரிவாக எழுதி வெளியிட்டது. இதைப் பழிசுமத்தாப் பின்னாய்வு என்பர். தவறு செய்தவரைத் தண்டிக்கும் குழுவில் அடுத்த தவறு மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவற்றை எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க இயலாது.

கருவிகள்

மேற்கண்ட நடைமுறைகளுக்கு உதவும் கருவிகளுள் சில:

பதிப்புக் கட்டுப்பாடு: கிட், சப்வெர்ஷன்.

நிரல் களஞ்சியமும் மறுஆய்வும்: கிட்ஹப் (2008), கிட்லாப் (2011). கிட்லாப்பின் சமுதாயப் பதிப்பைச் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம்.

வழுப் பதிவு: பக்சில்லா, ரெட்மைன், ஜிரா. பக்சில்லா 1998-இல் மொசில்லா திட்டத்துக்காக உருவானது. ஜிரா 2002-இல் வந்த வணிகக் கருவி. "காட்சில்லா" திரைப்பட விலங்கின் ஜப்பானியப் பெயரான "கோஜிரா"விலிருந்து இப்பெயர் வந்தது. பக்சில்லாவை நினைவூட்டும் குறும்பு இது.

பணிப்பலகை: டிரெல்லோ, ஓப்பன்புராஜெக்ட். சுவரில் ஒட்டிய வண்ணச் சீட்டுகளும் இதற்குப் போதும்.

கால அட்டவணை: காண்ட் விளக்கப்படம். ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்கும் இப்படத்தில் ஒவ்வொரு பணியும் அதன் கால அளவும் கிடைக்கோட்டுப் பட்டைகளாகக் காட்டப்படும்.

தொடர் ஒருங்கிணைப்பு: ஜென்கின்ஸ். கிட்ஹப், கிட்லாப் ஆகியவற்றிலும் இவ்வசதி உள்ளது.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

குழுவின் அளவுக்கு ஏற்பக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூவர் குழுவுக்குப் பெரிய நிறுவனத்தின் கருவியை வாங்கினால், மென்பொருள் எழுதும் நேரத்தைவிடப் படிவம் நிரப்பும் நேரம் அதிகமாகும். ஒரே தகவலை இரண்டு கருவிகளில் வைத்தால் சில வாரங்களில் இரண்டும் முரண்படும்; பிறகு எதையும் யாரும் நம்பமாட்டார்கள். எத்தனை வரி நிரல் எழுதினார், எத்தனை வழுவைத் தீர்த்தார் என்று எண்ணி ஆளை மதிப்பிடுவதும் தவறு. அப்படி எண்ணத் தொடங்கினால் வரிகள் நீளும், ஒரு வழு மூன்றாகப் பிரித்துப் பதியப்படும், மென்பொருள் மேம்படாது.

மாணவர் திட்டங்களுக்கு

கல்லூரி இறுதியாண்டுத் திட்டத்தை நான்கு மாணவர் சேர்ந்து செய்வதாகக் கொள்வோம். பின்வரும் பழக்கங்கள் அவர்களுக்குப் போதுமானவை.

முதல் வாரத்திலேயே கிட் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கி, நால்வரும் அதிலேயே வேலை செய்தல்.

இரண்டாம் வாரத்துக்குள் மிகச் சிறியதாயினும் இயங்கும் ஒரு பகுதியை வழிகாட்டும் ஆசிரியரிடம் காட்டுதல்.

மூன்று பத்திகள் கொண்ட பணிப்பலகையில் ஒருவர் பெயரில் ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் "நடப்பவை"யில் இருத்தல்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்த பின்பே இணைத்தல். இதனால் வாய்மொழித் தேர்வில் நால்வராலும் முழுத் திட்டத்தையும் விளக்க முடியும்.

கண்ட வழுக்களை வாட்சப் உரையாடலில் புதைக்காமல் ஒரே பட்டியலில் எண்ணிட்டுப் பதிதல்.

மாதம் ஒருமுறை, வேறொரு கணினியில் களஞ்சியத்திலிருந்து திட்டத்தைப் புதிதாக நிறுவி இயக்கிப் பார்த்தல். "என் கணினியில் இயங்கியதே" என்ற கடைசிநாள் துயரம் இதனால் நீங்கும்.

தொகுப்பு

செவ்வாய்க் கலம், நைட் கேப்பிட்டல், கிட்லாப் ஆகிய மூன்றும் வெவ்வேறு நாட்டமுடைய திட்டங்கள். மூன்றிலும் திறமையான பொறியாளர்களும் நல்ல கருவிகளும் இருந்தன, எச்சரிக்கைகளும் இருந்தன. ஒன்றில் அது மின்னஞ்சலில் பேசப்பட்டதோடு நின்றது. மற்றொன்றில் யாரும் படிக்காத 97 மின்னஞ்சல்களில் கிடந்தது. இன்னொன்றில் போய்ச் சேரவே இல்லை. வருகைப் பதிவேட்டை எழுதிப் பூட்டிவைத்தால், வகுப்புக்கு வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். மென்பொருள் திட்டத்தின் பதிவுகளும் அப்படியே. எழுதுவதற்குக் கருவி உதவும். ஒவ்வொரு நாளும் அதைத் திறந்து பார்த்து, கண்டதன் மீது செயல்படுவது குழுவினரின் பழக்கத்தில்தான் இருக்கிறது.